உடைந்த வால்மீனுக்கு ஒதுக்கிய நேரம்

அப்பாவின் முதுகை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்த அழைப்பு வந்தது. பெங்களூரிலிருந்து என் ஆய்வு வழிகாட்டி பேசினார்.

"செய்தி பாத்தியாம்மா?"

"எந்தச் செய்தி சார்?"

"உன் வால்மீன் உடைஞ்சிடுச்சு. நேத்து எடுத்த படத்துல தலையே காணோம். புகை மாதிரி ஒரு கோடுதான் தெரியுது."

துணியிலிருந்து தண்ணீர் என் காலில் சொட்டியது.

"ரொம்ப வருத்தப்படாத. வால்மீன்னா இப்படித்தான், நம்பவே முடியாது. தொலைநோக்கியில கிடைச்ச நேரத்த வீணாக்க வேணாம். நாம வழக்கமாப் பாக்கிற விண்வெளி மேகத்துக்கு மாத்திடலாம். உன் சீனியருக்கு அதுல இன்னும் கொஞ்சம் டேட்டா தேவப்படுது."

"மாத்தாதீங்க சார்."

"மாத்தாம? எதப் பாப்ப? அங்க ஒண்ணும் இல்லம்மா."

"உடைஞ்சிருந்தா உள்ள இருந்தது வெளிய வந்திருக்கும். அதப் பாக்கிறேன்."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. "உணர்ச்சிவசப்படாம யோசி" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னைச் சுட்டது. எங்கள் துறையில் ஒருவன் இதையே சொன்னால் அதற்குத் துணிச்சல் என்று பெயர். நான் சொன்னால் உணர்ச்சி. "விண்ணப்பம் என் பேருல இருக்கு சார். நேரத்த எனக்குத்தான் குடுத்திருக்காங்க. நான் வால்மீனத்தான் பாப்பேன்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. உன் இஷ்டம் என்று போனை வைத்துவிட்டார்.

மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டியபடி கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா கேட்டார், "யாரு கூட சண்ட?"

"எங்க சார் கூட."

"ஜெயிச்சியா?"

"தெரியலப்பா."

"அப்ப மொதல்ல முதுகத் தொடச்சு வுடு. குளுருது."

நான் மரக்காணத்து உப்பளத் தொழிலாளிகளின் ஒரே மகள். அப்பாவும் அம்மாவும் கல்யாணமான நாளிலிருந்து அளத்தில்தான் வேலை செய்கிறார்கள். வேதியியல் படித்து, பிறகு வானியலுக்குத் தாவி, விண்மீன்களுக்கு இடையே இருக்கும் மூலக்கூறுகளை ஆராயும் வேலைக்குப் போனேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கார் இடித்துவிட்டுப் போனதில் அப்பாவுக்குக் கால் முறிந்தது. புதுச்சேரியில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, கூட இருக்க ஆள் தேவைப்பட்டது. அது புரட்டாசி முடியும் சமயம். மழை வருவதற்குள் அம்பாரங்களில் குவிந்திருக்கும் உப்பையெல்லாம் லாரியில் ஏற்றியாக வேண்டும். அம்மா வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. அதனால் நான் வந்தேன், லேப்டாப்போடு.

என் வேலையை ஊரில் யாருக்கும் விளக்குவது கஷ்டமில்லை. விளக்கிய பிறகு, அதனால் என்ன பிரயோஜனம் என்று அவர்கள் கேட்கும் கேள்விதான் கஷ்டம். விண்மீன்களுக்கு நடுவில் இருப்பது வெறும் வெளி இல்லை. கடுங்குளிரில் வாயுவும் தூசியும் மேகமாகத் திரண்டு கிடக்கின்றன. தூசியின் மேல் பனி படிகிறது. அந்தப் பனியில் பல மூலக்கூறுகள் உண்டாகின்றன. மூலக்கூறு சுழன்றுகொண்டே இருக்கும். சுழலும் வேகம் மாறும்போது தனக்கே உரிய ஓர் அலைவரிசையில் மெல்லிய ரேடியோ அலையை விடும். ஒன்றின் அலைவரிசை இன்னொன்றுக்கு வராது. தொலைநோக்கியின் பெரிய தட்டை அந்தப் பக்கம் திருப்பிவைத்து அலையைப் பிடித்தால், திரையில் ஒரு கோடு ஓடும். எந்த அலைவரிசையில் கோடு மேடிடுகிறதோ, அதற்குரிய மூலக்கூறு அங்கே இருக்கிறது என்று பொருள்.

சூரியன் பிறந்ததும் அப்படி ஒரு மேகத்திலிருந்துதான். அதில் மிஞ்சிய பனியும் தூசியும் உருண்டு வால்மீன்கள் ஆயின. அந்தப் பழைய மேகத்துப் பனி வால்மீனுக்குள் அப்படியே இருக்கிறதா, இல்லை வழியில் வெந்து மாறிவிட்டதா என்பதுதான் என் கேள்வி. மேல்தோலைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது, அதை வெயில் தீய்த்திருக்கும். உள்ளே பார்க்க வேண்டும். உடைந்தால்தான் உள்ளே தெரியும். இதை யோசிக்காமல் எல்லோரும் செத்துப்போச்சு செத்துப்போச்சு என்று துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு நேரம் ஒதுக்கப்பட்டிருந்த தொலைநோக்கி ஐரோப்பாவில் ஒரு மலைமேல் இருக்கிறது. நேரில் போகத் தேவையில்லை. ஆபரேட்டர் ஒருவர் அங்கே இருப்பார், நாம் இணையத்தின் வழியே எங்கே திருப்ப வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லலாம். வால்மீன் சூரியனை நெருங்கிக்கொண்டிருந்ததால் பகல் வானத்தில் இருந்தது. ரேடியோவுக்குப் பகல் இரவு கிடையாது. அங்கே காலை என்றால் நமக்கு மதியம்.

"பட்டப்பகல்லயா நட்சத்திரம் பாப்ப?" என்று அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

"பாக்க மாட்டேம்மா. கேப்பேன்."

"கேளு. எங்க ஒக்காந்து கேப்ப? இங்கதான் போன் பேசவே தெருவுக்கு ஓடுற."

அதுதான் பிரச்சினை. எங்கள் வீட்டில் சிக்னல் நிற்காது, மதியத்தில் கரண்டும் நிற்காது. சாலையை ஒட்டி அம்மா வேலை செய்யும் அளத்தில் ஒரு கொட்டகை உண்டு. லோடு கணக்குப் பார்க்க மேஸ்திரி உட்காரும் இடம். பக்கத்திலேயே டவர். கொட்டகைக்குள் இன்வெர்ட்டரும் இருந்தது. அம்மா மேஸ்திரியிடம் கேட்டாள். "ஒக்காரட்டும், எனக்கின்னா" என்று அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மூலையில் தள்ளிவிட்டார்.

முதல் நாள் அப்பாவுக்குச் சோறு போட்டு, மாத்திரை கொடுத்து, தூங்க வைத்துவிட்டு நடந்தே போனேன். காலையில் வேலைக்குக் கிளம்பும்முன் அம்மா ஒன்று சொல்லியிருந்தாள். "யார் கேட்டாலும் அந்தப் பேர மட்டும் சொல்லாத. அவ அங்கதான் வேல செய்யறா."

அந்தப் பேர் மெத்தனால். நான் முதலில் தேடும் மூலக்கூறு அதுதான். கடுங்குளிரில் தூசிமேல் படிந்த பனியில் உருவாவது, அதனால் பழைய மேகத்துக்கு நல்ல சாட்சி. ஆனால் எங்கள் கடற்கரையில் கல்லூரி வாசலை மிதிக்காதவர்களுக்கும் அந்தச் சொல் தெரியும். அது கலந்த விஷச் சாராயம் குடித்து வீட்டுக்கு வீடு பிணம் விழுந்தபோது டிவியில் நாளெல்லாம் சொன்ன சொல் அது. அம்மா குறிப்பிட்ட பெண்ணின் கணவர் படகுக்குப் போய்க்கொண்டிருந்தவர். அந்தச் சாவுகளில் அவரும் போனார். அதன் பிறகுதான் அந்த அக்கா மீனவர் குப்பத்திலிருந்து உப்பளத்து வேலைக்கு வர ஆரம்பித்தார்.

அன்று அந்த அக்காதான் முதலில் என்னிடம் வந்தார். கொட்டகையில் குடிதண்ணீர்க் குடம் இருந்தது. தண்ணீர் மொண்டபடியே, "இன்னாம்மா தேடுற?" என்றார்.

"ஒரு வாயு அக்கா."

"கெடச்சா சொல்லு" என்று போய்விட்டார்.

கிடைக்கவில்லை. வால்மீன் எங்கே இருக்கும் என்று கணித்து வைத்த இடத்துக்குத் தட்டைத் திருப்பினோம். திரையில் வந்த கோடு வெறும் நடுக்கமாக ஓடியது. எங்கும் மேடு இல்லை. ஆபரேட்டர் மரியாதையாகத்தான் கேட்டார், மேகத்துக்குத் திருப்பட்டுமா என்று. வேண்டாம் என்றேன். சூரியனுக்கு ரொம்பப் பக்கத்தில் தட்டைத் திருப்ப அனுமதி கிடையாது, கருவி சூடாகிவிடும். வால்மீனோ ஒவ்வொரு நாளும் சூரியன் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. இன்னும் ஓரிரு நாள்தான் என்று எனக்கும் ஆபரேட்டருக்கும் தெரியும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கஞ்சி காய்ச்சிக்கொண்டே யோசித்தேன். கணித்த இடம் முழு வால்மீனுக்கு உரியது. முழு வால்மீன்தான் இப்போது இல்லையே. உடைந்தால் பெரிய துண்டு எதுவும் மிஞ்சாமல் பொடியாகியிருக்கலாம். பொடியைச் சூரிய ஒளியே வால் பக்கமாகத் தள்ளும். அப்படியானால் பனியும் வாயுவும் கணித்த இடத்தைவிட்டு நகர்ந்து, பின்தங்கி வந்துகொண்டிருக்க வேண்டும். எங்கள் தட்டு ஒரு நேரத்தில் பார்ப்பது முழு நிலவின் அகலத்தில் ஒரு துணுக்கைத்தான். இம்மி தள்ளினாலும் தவறிவிடும். நாங்கள் வெறும் இடத்தை வெறித்துக்கொண்டிருந்தோம்.

ஆஸ்திரேலியாவில் யாரோ ஓர் ஆர்வலர் தன் வீட்டுக் கொல்லையிலிருந்து எடுத்த படத்தை இணையத்தில் போட்டிருந்தார். தலையில்லாத மங்கலான கோடு. அதில் எங்கே வெளிச்சம் அதிகம் என்று அளந்து, மறுநாள் அது எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டேன். வழிகாட்டிக்கு அனுப்பினேன். "யூகம்" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. யூகம்தான். வேறு என்ன வைத்திருக்கிறோம்?

மறுநாள் மதியம் கொட்டகையில் உட்கார்ந்து, கணித்த இடத்திலிருந்து வால் பக்கமாகத் தட்டை நகர்த்தச் சொன்னேன். எவ்வளவு என்று எண் கொடுத்தேன். அங்கே சாதாரணமாக யாரும் இப்படிச் செய்வதில்லை என்றார் ஆபரேட்டர். தெரியும், இருந்தாலும் நகர்த்துங்கள் என்றேன். அலை சேர்ந்துகொண்டிருந்தது. நடுக்கம் அடங்க நேரம் பிடிக்கும்.

அப்போதுதான் முதலாளியின் கார் வந்து நின்றது.

வெளியே லாரி நின்றிருந்தது. பெண்கள் கூடையில் உப்பை வாரித் தலையில் ஏற்றி, பலகை வழியாக ஏறிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கடல் பக்கம் வானம் கறுத்திருந்தது. முதலாளி கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏம்பா மேஸ்திரி, இது இன்னா ப்ரவுசிங் சென்டரா? யாரு இந்தப் பொண்ணு?"

மேஸ்திரி எழுந்து நின்றுவிட்டார். "நம்ம ஆளு பொண்ணுதாங்க. படிக்குது."

"படிக்கிறது வூட்ல படிக்கச் சொல்லு. நாற்காலி போட்டு ஒக்காந்துக்கினு... எழுந்திரும்மா. ஆளுங்களுக்கெல்லாம் வழக்கமாயிடும்."

"சார், ஒரு வேலை நடுவுல இருக்கேன். இப்ப நிறுத்த முடியாது" என்றேன்.

"எழுந்திருன்னா எழுந்திரு."

நான் எழுந்திருக்கவில்லை. விரலை விசைப்பலகையிலிருந்து எடுக்கவுமில்லை. மேஸ்திரி இன்வெர்ட்டரை அணைக்க அதன் பக்கம் ஓரடி வைத்தார்.

பலகையில் பாதி ஏறியிருந்த அம்மா அங்கேயே நின்றாள். பிறகு இறங்கி வந்து, கூடையை வரப்பில் வைத்தாள். சேலைமேல் போட்டிருந்த ஆண்பிள்ளைச் சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மொதலாளி, அவ அங்கதான் ஒக்காருவா."

"இன்னா சொன்ன?"

"அவள எழுப்புனா நானும் ஒக்காந்துடுவேன்."

சொன்னதோடு வரப்பில் உட்கார்ந்தும் விட்டாள். அம்மா முதலாளி முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவள் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். பிறகு அந்த அக்கா தன் கூடையை அம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்து உட்கார்ந்தார். அடுத்தவர், அதற்கடுத்தவர். ஒருத்தி மட்டும் தயங்கி நின்று, கடைசியில் அவளும் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். "ஏம்மா, மழ வருதும்மா!"

"எங்களாண்ட சொல்லாத. கார்ல வந்தவர்கிட்ட சொல்லு" என்றார் அந்த அக்கா.

முதலாளி வானத்தைப் பார்த்தார், பாதி ஏறிய லாரியைப் பார்த்தார். தார்ப்பாய் போடாத அம்பாரம் அப்படியே திறந்து கிடந்தது. "இன்னிக்கு மட்டும்தான்" என்றார்.

"அவ வேல முடியற வரைக்கும்" என்றாள் அம்மா.

அவர் போய்க் காரில் ஏறினார். அம்மா எழுந்து, கூடையைத் தலையில் வைக்கச் சொல்லி அந்த அக்காவைக் கூப்பிட்டாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் திரையைப் பார்த்தபோது கோட்டில் ஓர் இடம் லேசாக உப்பியிருந்தது. என் கண்தான் ஏமாற்றுகிறதோ என்று நினைத்தேன். அடுத்த தொகுப்பு சேர்ந்தது. உப்பல் அப்படியே நின்றது, சுற்றியிருந்த நடுக்கம்தான் அடங்கியது. பக்கத்து அலைவரிசையில் அதே மூலக்கூறுக்கு வர வேண்டிய இன்னொரு மேட்டைத் தேடினேன். அதுவும் இருந்தது. ஆபரேட்டரின் செய்தி வந்தது, வெறும் ஆச்சரியக் குறிகளாக. நான் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

லோடு முடிந்து லாரி போன பிறகு அந்த அக்கா தண்ணீர் குடிக்க வந்தார்.

"வந்துட்ச்சா?"

"வந்துச்சு அக்கா."

"அதுக்குப் பேரு இன்னா? நேத்துலேந்து வாயு வாயுங்குற. பேரு இல்லாம இருக்குமா?"

அம்மா தூரத்தில் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். எனக்காகக் கூடையை இறக்கிவைத்த ஒருவரிடம் மழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

"மெத்தனால்" என்றேன்.

டம்ளர் அவர் வாயருகில் நின்றது. "அதுவா?"

"அதேதான் அக்கா."

"அந்த எழவு வானத்துலயும் இருக்குதா?"

"நம்ம பூமி உண்டாவறதுக்கு முன்னாடியே இருந்துருக்குது."

அவர் டம்ளரைக் குடத்தின் மேல் கவிழ்த்து வைத்தார். அழப்போகிறார் என்று பயந்தேன். அழவில்லை.

"உங்கம்மா சொல்லாதன்னு சொல்லியிருப்பா."

"ஆமா."

"எல்லாருமே அப்டித்தான். நான் வந்தா பேச்ச நிறுத்திக்குவாங்க. அந்தப் பேரச் சொல்ல மாட்டாங்க, என் வூட்டுக்காரரு பேரயும் சொல்ல மாட்டாங்க. அப்டி ஒரு மனுசன் இருந்தாருங்குறதே இல்லாமப் போச்சு. நீ சொல்லிட்ட. பரவால்ல." சற்றுப் பொறுத்து, "எங்க, காட்டு" என்றார்.

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். உப்பு அப்பிய விரலால் தொடாமல், காற்றிலேயே அந்த மேட்டைச் சுட்டினார். "இதுவா?"

"இதுதான்."

"எம்மாந்தூரத்துல?"

"கோடிக்கணக்கான மைல் அக்கா."

நெடுநேரம் பார்த்தார். "அது பாட்டுக்கு அங்க கெடக்குது. அது இன்னா பண்ணுச்சு? இங்க கொண்டாந்து கலந்து வித்தான் பாரு, அவன் மனுசன். அவன விட்டுட்டு, ஊரே குடிச்சவனத்தான் திட்டிச்சு." பிறகு துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, "நல்லா எழுதி வை. தேடிப் பாத்தேன், இருந்துதுன்னு எழுது" என்று சொல்லிப் போனார்.

அன்றோடு வால்மீன் எங்கள் தட்டுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. சூரியனைச் சுற்றி வந்திருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. மழையும் அந்த வாரமே பிடித்துக்கொண்டது.

அப்பா ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்ததும் நான் பெங்களூர் திரும்பினேன். வழிகாட்டி திரையை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "நான் சொன்னத நீ கேக்காதது நல்லதாப் போச்சு" என்றார். அவரளவில் அது பெரிய சொல். மெத்தனாலின் அளவு குளிர்ந்த மேகங்களில் இருக்கும் அளவோடு ஒத்துப்போனது. உள்ளே இருந்த பனி பழைய பனிதான் என்று சொல்ல அது ஒரு நல்ல ஆதாரம். அந்த உற்சாகத்தில் அவர் இன்னொன்றையும் கேட்டார். உயிர் தோன்றத் தேவையானவற்றில் ஒன்றாகக் கருதப்படும் ஃபார்மமைடு என்ற மூலக்கூறுக்கு உரிய இடத்தில் மிக மெலிதாக ஏதோ இருந்தது. அதையும் கண்டதாக எழுதினால் கட்டுரை பெரிய இதழில் வரும் என்றார்.

"அது நடுக்கம் சார். மேடு இல்ல."

"இருக்கலாம்னாவது போடு."

"இருந்தாப் போடுவேன்" என்றேன். அதற்கும் பல நாள் இழுபறி. கட்டுரை சின்ன இதழில் வந்தது. மெத்தனால் மட்டும். என் பெயர் முதலில்.

அடுத்த பருவத்தில் அந்த முதலாளி அம்மாவை வேலைக்குக் கூப்பிடவில்லை. இதை அவள் எனக்குச் சொல்லவே இல்லை. அப்பா வாய்தவறிச் சொல்லித்தான் தெரிந்தது. பதறிப்போய்க் கேட்டேன். "இவுரு ஒருத்தர்தான் உப்பு வெளய வெக்கிறாரா?" என்றாள். அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு பக்கத்து அளத்துக்குப் போயிருந்தாள்.

அந்தக் கோடையில் நான் ஊரில் இருந்தபோது ஒரு நிருபர் தேடி வந்தார். உப்பளத்துப் பெண் வானத்தில் உப்பைக் கண்டுபிடித்தார் என்று தலைப்பு யோசித்து வைத்திருந்தார்.

"உப்பை வேறவங்க கண்டுபிடிச்சிருக்காங்க. நான் கண்டது மெத்தனால்" என்றேன்.

அவர் முகம் சுளித்தார். "இந்த ஊர்ல அந்தப் பேர் வேணாமே மேடம். உப்புன்னா ஜனங்களுக்குப் புடிக்கும். ஒரு கூடைய தலையில வெச்சிக்கினு நில்லுங்க, படம் நல்லா வரும்."

"நான் கூடை தூக்கறதில்ல."

"சும்மா ஒரு போட்டோவுக்குத்தானே."

அளத்திலிருந்து அப்போதுதான் திரும்பிக் கால் கழுவிக்கொண்டிருந்த அம்மா குறுக்கே வந்தாள். "கூட தூக்கறது நானு. கூடையோட வேணும்னா என்ன எடு. அவள எடுக்கணும்னா அவ கம்ப்யூட்டர் பொட்டியோட எடு. மாத்திப் போட்டா நான் ஒத்துக்க மாட்டேன்."

நிருபர் இரண்டையுமே எடுக்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு சாலைக்குப் போனார். "போறான் போ" என்று சொல்லிவிட்டு, அம்மா இன்னொரு காலைக் கழுவ உட்கார்ந்தாள்.